பிரஜாவுரிமை இழுபடுகிறது: காத்திருப்பதா, எம்பியிடம் போவதா, வழக்குப் போடுவதா?

கனடாவில் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் பதில் இல்லாமல் இருப்பவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர். கணவனும் மனைவியும் ஒரே மாதத்தில் விண்ணப்பித்திருப்பார்கள். மனைவி சத்தியப்பிரமாணம் எடுத்து, கடவுச்சீட்டு வாங்கி, தேர்தலில் வாக்கும் போட்டிருப்பார். கணவனின் கோப்பில் மட்டும் 'பின்னணிச் சோதனை நடைபெறுகிறது' என்ற வரி அசையாமல் நிற்கும். தொலைபேசியில் கேட்டால் அதே வரியைத்தான் வாசித்துக் காட்டுவார்கள்.

இந்த நிலையில் இருப்பவர்களிடம் இரண்டு விதமான பேச்சு கேட்கிறேன். ஒன்று, "வழக்குப் போட்டா உடன வந்திடுமாம்." மற்றது, "கவர்மென்டோட கொழுவினா உள்ளதும் போயிடும்." இரண்டும் பாதிதான் உண்மை. சிலருக்கு வழக்குத்தான் மிகச் சரியான வழி. அவர்கள் பயத்தில் வருடங்களை வீணாக்குகிறார்கள். வேறு சிலர் வழக்குக்குப் போகுமுன் ஆயிரம் தடவை யோசிக்கவேண்டும். அவர்களுக்குத்தான் சுற்றியிருப்பவர்கள் அவசரமாக ஆலோசனை சொல்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோப்புக் குறிப்புகளை எடுத்துப் பார்க்காமல் எதையும் செய்யக்கூடாது. கோப்பில் பழுது இல்லையென்றால், இரண்டு வருடம் தாண்டிய பிறகு நீதிமன்றம் போகத் தயங்கவேண்டியதில்லை. அகதியாக வந்து, பின்னர் இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்தவர்களும் ஊருக்குப் போய்வந்தவர்களும் எந்த வழியில் இறங்குவதற்கும் முன்னர் ஒரு சட்டத்தரணியைப் பார்க்கவேண்டும்.

கோப்பு எங்கே நிற்கிறது

குடிவரவுத் திணைக்களம், அதாவது ஐஆர்சிசி, பிரஜாவுரிமை விண்ணப்பங்களுக்குத் தானே வகுத்துக்கொண்ட சேவைக்காலம் 12 மாதம். அது சட்டம் விதித்த காலக்கெடு அல்ல. பதின்மூன்றாவது மாதம் பிறந்தவுடன் உங்களுக்கு வழக்கு உரிமை வந்துவிடாது. ஆனால் நீதிமன்றத்தில் 'நியாயமான காலம் எவ்வளவு' என்ற பேச்சு வரும்போது இந்த 12 மாதம் உங்கள் பக்கம் நிற்கும்.

விண்ணப்பம் கிடைத்ததாக அறிவித்தல் வந்த பிறகு, பல சோதனைகள் ஒன்றோடொன்று சமாந்தரமாக நடக்கின்றன. விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்து வருடத்தில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்தீர்களா, மொழி, பரீட்சை, தடைகள் ஏதும் உண்டா, குற்றப் பின்னணி, பாதுகாப்புப் பின்னணி. குற்றப் பின்னணிக்குச் சமஷ்டிப் பொலிஸான ஆர்சிஎம்பி. பாதுகாப்புக்குப் புலனாய்வுச் சேவையான சீசிஸ். இணையத்தில் உள்ள விண்ணப்ப நிலைப் பக்கம் ஒவ்வொன்றும் முடிந்ததா, நடக்கிறதா என்று மட்டும் காட்டும். ஏன் நிற்கிறது என்று காட்டாது.

அதற்குத்தான் ஜிசிஎம்எஸ் குறிப்புகள், அதாவது ஐஆர்சிசியின் கணினியில் உங்கள் கோப்பைப் பற்றி அதிகாரிகள் எழுதிவைத்திருப்பவை. தகவல் அணுகல் சட்டத்தின் கீழ் கேட்டால் 5 டொலர். தனியுரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் சொந்தத் தகவலைக் கேட்டால் இலவசம். சட்டப்படி 30 நாளில் தரவேண்டும். அவர்கள் காலம் நீடிப்பதும் உண்டு. ஐஆர்சிசியிடம் மட்டும் கேட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். எல்லைச் சேவை முகவரகமான சிபிஎஸ்ஏயிடமும் தனியாகக் கேளுங்கள். சிக்கலான கோப்புகளில் உண்மையான காரணம் அங்கேதான் கிடக்கும்.

குறிப்புகள் கைக்கு வந்ததும் பலர் மிரண்டுபோவார்கள். பக்கம் பக்கமாகக் குறியீடுகள், சுருக்கெழுத்துகள், இடையிடையே அழிக்கப்பட்ட வெற்றுப் பெட்டிகள், பெட்டியின் ஓரத்தில் 15(1), 16(1) என்ற எண்கள். அந்த எண்கள் தகவல் அணுகல் சட்டத்தின் பிரிவுகள்: முதலாவது தேசியப் பாதுகாப்பும் வெளியுறவும், இரண்டாவது சட்ட அமலாக்கமும் விசாரணையும். அழித்திருப்பதால் உங்கள் மீது சந்தேகம் என்று அர்த்தமில்லை. வழமையான சோதனை முறைகளையும் அப்படி அழிப்பார்கள். நீங்கள் பார்க்கவேண்டியவை நான்கு. கோப்பில் ஓர் அதிகாரி கடைசியாகக் கைவைத்த திகதி எது. பாதுகாப்பு, குற்றப் பின்னணி என்ற வரிகளுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது. பிரஜாவுரிமைச் சட்டத்தின் 13.1 என்ற பிரிவோ, அகதிப் பாதுகாப்பை நிறுத்துவது பற்றிய குறிப்போ எங்காவது தட்டுப்படுகிறதா. நீங்கள் பதில் அனுப்பாத கடிதம் ஏதும் பதிவாகியிருக்கிறதா.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கைரேகை கேட்டு வந்த மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போயிருக்கும். வீடு மாறியது அறிவிக்கப்படாமல் இருக்கும். மின்னஞ்சல் முகவரி, படிவம் நிரப்பிக் கொடுத்தவருடையதாக இருக்கும். அவர் தொழிலையே விட்டிருப்பார். கேட்டதைக் கொடுக்காதவரின் விண்ணப்பத்தைக் கைவிடப்பட்டதாகக் கருதவும் சட்டத்தில் இடமிருக்கிறது. தாமதத்துக்கு நீங்களே காரணமென்றால் நீதிமன்றம் உங்களுக்கு உதவாது. ஒரு பதில் கடிதம் உதவும்.

மென்மையான வழிகள்

இணையப் படிவம் மூலம் கேட்பதையும் தொலைபேசியில் கேட்பதையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோப்பை அவை நகர்த்துவது அபூர்வம். ஆனாலும் செய்யுங்கள், எழுத்தில் செய்யுங்கள், ஒவ்வொரு பதிலையும் சேமித்து வையுங்கள். 'நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், காரணம் சொல்லவில்லை' என்பதற்குப் பிற்பாடு அவைதான் ஆதாரம்.

அவசர பரிசீலனை என்று ஒன்று உண்டு. வேலை கையைவிட்டுப் போகும் நிலை, நெருங்கிய உறவினரின் மரணமோ கடும் நோயோ, இவற்றுக்கான கடிதங்களை வைத்துக் கேட்கலாம். சோதனைகள் எல்லாம் முடிந்து சத்தியப்பிரமாணத்துக்கு மட்டும் காத்திருப்பவருக்கு இது கைகொடுக்கும். பாதுகாப்புச் சோதனையில் நிற்பவருக்கு இதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

எம்பி அலுவலகம் நம் சமூகத்தில் எல்லோரும் முதலில் போகும் இடம். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எம்பி அலுவலகங்களுக்குக் குடிவரவு விடயம் அன்றாட வேலை. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைத்தால் அவர்கள் திணைக்களத்திடம் விசாரிப்பார்கள். செலவில்லை, ஆபத்தும் குறைவு. தொலைபேசியில் நமக்குச் சொல்லாத ஒரு வரியை எம்பி அலுவலகத்துக்குச் சொல்வதுண்டு: எந்த அமைப்பிடம் கோப்பு நிற்கிறது, எப்போது அனுப்பினார்கள் என்பது போல. ஆனால் எம்பிக்கு அதிகாரிக்குக் கட்டளையிடும் அதிகாரம் கிடையாது. அமைச்சராக இருந்தாலும் சீசிஸின் சோதனையைப் பாதியில் நிறுத்தி முடிவு எழுதச் சொல்ல மாட்டார். எம்பி அலுவலகம் தகவலுக்கு நல்ல வழி. ஒருமுறை கேட்டு, ஒரே பதில் வந்த பிறகும் அங்கேயே தொங்கிக்கொண்டிருப்பதில்தான் பலர் ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு அதிகம் தெரியாத இன்னொரு வழி இருக்கிறது. கோப்பு சீசிஸிடம்தான் நிற்கிறது என்று குறிப்புகளில் தெரிந்தால், முதலில் சீசிஸின் பணிப்பாளருக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். அதற்குத் திருப்தியான பதில் வராவிட்டால், 2019இல் உருவான தேசியப் பாதுகாப்பு மற்றும் புலனாய்வு மீளாய்வு முகவரகத்துக்குப் போகலாம். அது சீசிஸுக்கு வெளியே சுயாதீனமாக நிற்கும் அமைப்பு. கட்டணம் இல்லை. ஆனால் அதற்கும் பிரஜாவுரிமை முடிவை எழுதவைக்கும் அதிகாரம் இல்லை, வேகமான வழியும் அல்ல. வழக்குக்குப் பதிலாக இதை நம்பியிருக்கச் சொல்லமாட்டேன். பாதுகாப்புச் சோதனை மட்டுமே சிக்கல், கையில் காசில்லை என்பவருக்கு இது பெறுமதியான வழி.

வாபஸ் வாங்கிவிட்டுப் புதிதாக விண்ணப்பிப்பது? இதைப் பெரும்பாலும் மறுத்துத்தான் சொல்வேன். 2025 கட்டண மாற்றத்தில் வயது வந்தவருக்கு 649.75 டொலராக இருந்தது; அதில் 530 பரிசீலனைக் கட்டணம், வேலை தொடங்கிய பின் திரும்பி வராது. வரிசையின் வாலுக்குப் போவீர்கள். புதிய திகதியிலிருந்து பின்னோக்கி 1,095 நாளை மறுபடி காட்டவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாதுகாப்புச் சோதனை விண்ணப்ப எண்ணோடு சேர்ந்து அழிவதில்லை. அது உங்கள் பெயரோடு வரும். முதல் விண்ணப்பத்தில் நாட்கணக்கு உண்மையிலேயே குறைந்திருந்தால் மட்டும் மீள்விண்ணப்பம் புத்திசாலித்தனம்.

நீதிமன்றம் என்ன செய்யும்

நீதிமன்ற வழி என்பது சமஷ்டி நீதிமன்றத்தில் மண்டாமஸ் கேட்பது. சட்டப்படி செய்யவேண்டிய கடமையை ஓர் அரச அதிகாரி செய்யாமல் இருக்கும்போது, 'செய்' என்று நீதிமன்றம் இடும் கட்டளை. இதில் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளவேண்டும். முடிவு எடு என்றுதான் நீதிமன்றம் சொல்லும். பிரஜாவுரிமை கொடு என்று சொல்லாது. இந்த ஒரு வேறுபாட்டில்தான் யார் போகலாம், யார் பொறுக்கவேண்டும் என்பது முழுதும் தங்கியிருக்கிறது.

நீதிமன்றம் பார்க்கும் அளவுகோல் 1990களில் உருவானது. அதிகாரிக்கு உங்களிடம் கடமை இருக்கவேண்டும். கடமையைச் செய்யச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கவேண்டும். செய்வதற்கு நியாயமான அவகாசம் கொடுத்திருக்கவேண்டும். வெளிப்படையான மறுப்போ, மறுப்புக்குச் சமமான தாமதமோ இருக்கவேண்டும். தாமதம் நியாயமற்றதா என்பதற்கு மூன்று கேள்விகள். இந்த வேலையின் தன்மைக்குத் தேவையானதைவிடக் கூடுதலாக நேரம் எடுத்துவிட்டார்களா? விண்ணப்பதாரரோ அவரது சட்டத்தரணியோ இதற்குக் காரணமா? திணைக்களம் திருப்தியான விளக்கம் தந்திருக்கிறதா? இந்த மூன்று கேள்வியும் பிறந்ததே ஒரு பிரஜாவுரிமை வழக்கில்தான். அங்கும் சீசிஸ் விசாரணையைத்தான் காரணமாகக் காட்டியிருந்தார்கள்.

மூன்றாவது கேள்வியில்தான் வழக்குகள் வெல்கின்றன. 'பாதுகாப்புச் சோதனை நடக்கிறது' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இருப்பது போதுமான விளக்கம் அல்ல என்று நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொல்லியிருக்கிறது. 2015இல் வந்த ஒரு நிரந்தர வதிவிட வழக்கிலும் அதைத் தெளிவாக எழுதியிருக்கிறது. ஆகவே குறிப்புகளில் பல மாதங்களாக ஒரு அசைவும் இல்லை, காரணமும் எழுதவில்லை என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது.

எதிர்ப்பக்கத்தில் 13.1 நிற்கிறது. தேவையான தகவலோ, விசாரணையின் முடிவோ வரும்வரை விண்ணப்பத்தை இடைநிறுத்தி வைக்க அமைச்சருக்கு இந்தப் பிரிவு அதிகாரம் கொடுக்கிறது. இதைக் காட்டி நிறுத்தியிருந்தால் சாதாரண தாமத வழக்கைப் போல வாதாட முடியாது. அந்த இடைநிறுத்தமே நியாயமற்றது, அல்லது அதன் தேவை முடிந்துவிட்டது என்று காட்டவேண்டிவரும். முடியாத காரியம் அல்ல, கடினமான காரியம். குறிப்புகளில் அந்த எண்ணைத் தேடச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

நடைமுறையைப் பார்த்தால், முதலில் சட்டத்தரணி ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புவார்: இத்தனை நாளுக்குள் முடிவெடுக்கவேண்டும், இல்லையேல் நீதிமன்றம் போவோம் என்று. நான் இதைத் தனி வழியாகவே பரிந்துரைப்பேன். வழக்கோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு, அளவுகோலில் உள்ள 'கேட்டிருக்கவேண்டும்' என்ற நிபந்தனையும் இதனால் நிறைவேறும். நீங்களே எழுதவும் தடையில்லை. திகதிகளை வரிசையாகப் போட்டு, கேட்ட கடிதங்களைக் குறிப்பிட்டு, உணர்ச்சி கலக்காமல் ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். சில கோப்புகள் இந்தக் கடிதத்தோடேயே அசைந்துவிடும்.

அசையாவிட்டால் விண்ணப்பம் நீதிமன்றப் பதிவகத்தில். கட்டணம் 50 டொலர். ரொறன்ரோவில் பதிவகம் குயின் வீதி மேற்கு 180ஆம் இலக்கத்தில் இருக்கிறது. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். இதற்கு முதலில் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். உங்கள் சத்தியக்கடதாசியும் எழுத்து வாதமும் போகும், நீதி அமைச்சின் சட்டத்தரணி பதில் போடுவார், நீதிபதி யாரையும் கூப்பிடாமல் காகிதத்தை வைத்தே அனுமதி கொடுப்பதா என்று தீர்மானிப்பார். அனுமதி கிடைத்தால் 30 முதல் 90 நாளுக்குள் விசாரணை வைக்கவேண்டும் என்பது சட்டம். அனுமதி மறுக்கப்பட்டால் அதற்கு மேன்முறையீடு கிடையாது. குடிவரவு வழக்குகள் மலைபோலக் குவிந்து, 2024இல் மட்டும் 24,000க்கு மேல் தாக்கலானதால், அனுமதி கட்டத்துக்கே பல மாதம் எடுக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

ஆனால் பெரும்பாலான நல்ல வழக்குகள் நீதிபதி வரை போவதேயில்லை. வழக்கு தாக்கலானதும் கோப்பு நீதி அமைச்சின் ஒரு சட்டத்தரணியின் மேசைக்குப் போகிறது. அவர் ஐஆர்சிசியிடம் 'இதற்கு என்ன விளக்கம்' என்று கேட்பார். சொல்லத்தக்க விளக்கம் இல்லையென்றால், நீதிமன்றத்தில் நின்று தோற்பதைவிட முடிவெடுத்துவிடுவது அவர்களுக்கு இலகு. வருடக்கணக்காக ஒருவரும் தொடாத கோப்பை முதல்முறையாக ஒருவர் திறந்து வாசிக்கிறார். அந்த வாசிப்பில்தான் இந்த வழியின் பலமே இருக்கிறது. சமரசம் பேச வந்தால் ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: இத்தனை நாளுக்குள் முடிவு எழுதப்படும் என்று காலக்கெடுவோடு எழுத்தில் வேண்டும். 'பரிசீலனையைத் தொடர்வோம்' என்ற வெறும் வாக்குறுதியை நம்பி வழக்கை வாபஸ் வாங்கினால், பழைய இடத்துக்கே திரும்புவீர்கள்.

பழிவாங்குவார்களா என்ற பயத்துக்கு என் பதில் நேரானது. நீதிமன்றம் போனார் என்பதற்காக விண்ணப்பத்தை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. அப்படி மறுத்தால் அந்த மறுப்பையே நீதிமன்றத்தில் உடைக்கலாம். ஊரில் அரசாங்கத்துக்கு எதிராக வழக்குப் போட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று நாம் பார்த்திருக்கிறோம். அந்த நினைவு நம்மை விட்டுப் போகாது. இங்கே அமைச்சரின் பெயரை எதிராளியாகப் போட்டு ஒவ்வொரு நாளும் வழக்குகள் தாக்கலாகின்றன, அரச சட்டத்தரணிகளுக்கு அது அன்றாட வேலை.

யார் பொறுக்கவேண்டும்

இனித்தான் கவனமாக வாசிக்கவேண்டிய பகுதி. அகதிக் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டு, பின்பு நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள், இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்தாலோ புதுப்பித்தாலோ, அதில் பயணம் செய்தாலோ, ஊருக்குப் போய்வந்தாலோ, சொந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடியதாக அரசு வாதிடலாம். அகதிப் பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று அறிவிக்கக் கேட்கும் இந்த நடவடிக்கையை சட்டத்தரணிகள் செசேஷன் என்பார்கள். 2012 டிசம்பர் முதல் அதன் விளைவு கடுமையானது: அகதிப் பாதுகாப்போடு நிரந்தர வதிவிடமும் சேர்ந்து போய்விடும். பிஆர் காட் இருக்கிறது, இத்தனை வருடம் வரி கட்டினேன் என்பதெல்லாம் அங்கே காப்பாற்றாது. பிரஜையாகிவிட்டால் இந்த ஆபத்து இல்லை.

தாய் சாகக் கிடக்கிறார் என்று ஓடிப்போன மகன், தங்கையின் கலியாணத்துக்குப் போன அண்ணன், இவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். போர் முடிந்துவிட்டது, எல்லோரும் போய்வருகிறார்கள் என்று நம்பிப் போனவர்கள். பிரஜாவுரிமை விண்ணப்பத்தில் பயணங்களை எழுதவேண்டும். எழுதியதும் சிபிஎஸ்ஏயின் கண்ணில் பட இடமிருக்கிறது. செசேஷன் முடியும்வரை 13.1இன் கீழ் பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிறுத்திவைக்கலாம் என்று 2017இல் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது ஓர் இலங்கையரின் வழக்கு.

இந்த நிலையில் உள்ளவர் மண்டாமஸ் கேட்டால் என்ன நடக்கலாம்? தூங்கிய கோப்பை ஒருவர் திறந்து வாசிப்பார் என்று மேலே சொன்னேன். அதே வாசிப்பு இங்கே எதிராகத் திரும்பலாம். அதற்காகப் பேசாமல் ஒளிந்திருங்கள் என்று நான் சொல்லவில்லை. எதையும் மறைக்கவும் கூடாது. பொய் சொல்லிப் பெற்ற பிரஜாவுரிமையைப் பறிக்கவும் சட்டம் இருக்கிறது. சொல்வது இதுதான்: எம்பியிடம் போகுமுன், கடிதம் எழுதுமுன், இந்தத் துறையில் பழக்கமுள்ள ஒரு சட்டத்தரணியிடம் எல்லாப் பயணங்களையும் எல்லாக் கடவுச்சீட்டுகளையும் மேசையில் வையுங்கள். 2022இல் அதே மேன்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஆளுக்கு விளைவுகள் உண்மையில் தெரிந்திருந்ததா, ஏன் போனார், அங்கே என்ன முன்னெச்சரிக்கை எடுத்தார் என்பதையெல்லாம் பார்க்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அதற்கான ஆதாரங்களை முன்கூட்டியே சேர்த்து வைப்பவர் பலமான இடத்தில் நிற்பார்.

இன்னொரு கூட்டத்தினருக்கும் இதே எச்சரிக்கை. விடுதலைப் புலிகளைக் கனடா 2006 ஏப்ரலில் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. 2008இல் உலகத் தமிழர் இயக்கத்தையும் சேர்த்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக ஒருவரை நாட்டுக்குள் ஏற்க மறுக்கும் குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவில், இப்படியான அமைப்பின் 'உறுப்பினர்' என்பதற்கு நீதிமன்றங்கள் மிக விரிந்த பொருள் கொடுத்திருக்கின்றன. ஓஷன் லேடி கப்பலில் 2009இல் வந்த 76 பேர், சன் சீ கப்பலில் 2010இல் வந்த 492 பேர் போன்றவர்களின் கோப்புகளை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தார்கள் என்பதை நாம் அறிவோம். கடந்த காலத்தில் எந்தத் தொடர்பும் இல்லாதவருக்கும் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர் என்ற காரணத்தால் சோதனை நீளலாம். அவர் வழக்குப் போகத் தயங்கவேண்டியதில்லை, அவருடைய பொறுமையை அரசு உரிமையாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் அகதிக் கோரிக்கையில் ஏதாவது தொடர்பை எழுதியிருந்தால், இயக்கத்தில் கட்டாயத்தின் பேரில் வேலை செய்ததாகச் சொல்லியிருந்தால்கூட, அந்தப் பழைய படிவத்தைச் சட்டத்தரணி வாசித்த பிறகுதான் முடிவெடுக்கவேண்டும்.

செலவும் ஆளும்

மண்டாமஸுக்குச் சட்டத்தரணிகள் சில ஆயிரம் டொலர் கேட்பார்கள். வென்றாலும் அந்தச் செலவு திரும்பி வரும் என்று எண்ணவேண்டாம். குடிவரவு, பிரஜாவுரிமை வழக்குகளில் விசேட காரணம் இருந்தாலொழிய நீதிமன்றம் செலவுத்தொகை கொடுப்பதில்லை. நல்ல பக்கம், தோற்றால் அரசின் செலவையும் நீங்கள் கட்டவேண்டிவராது. பேசும்போது கேட்கவேண்டியது: சொன்ன தொகை அனுமதி கட்டம் வரைக்குமா, விசாரணைக்குமா? சமரசத்தில் முடிந்தால் எவ்வளவு? எழுத்தில் வாங்குங்கள்.

குடிவரவு ஆலோசகர்கள் படிவம் நிரப்பலாம், ஐஆர்சிசியோடு உங்களுக்காகப் பேசலாம். சமஷ்டி நீதிமன்றத்தில் உங்களுக்காக நிற்க அவர்களுக்கு அனுமதி இல்லை. 'வழக்கையும் நானே பார்க்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் சட்டத்தரணியா என்று ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையப் பட்டியலில் பெயரைப் போட்டுப் பாருங்கள். நீங்களே உங்களுக்காக வாதாடவும் உரிமை இருக்கிறது, சுத்தமான கோப்புக்கு அது முடியாத காரியமும் அல்ல. ஆனால் காலக்கெடுக்கள் கடுமையானவை, ஒன்றைத் தவறவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

கால அளவில் என் சொந்தக் கணிப்பு இது. ஒன்றரை வருடத்துக்குள் என்றால் குறிப்புகள், எம்பி, பொறுமை. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில், குறிப்புகளில் அசைவே இல்லையென்றால் கோரிக்கைக் கடிதம். இரண்டு வருடம் தாண்டி, பரீட்சையும் முடிந்து, உங்கள் பக்கத்தில் பிழையும் இல்லை, 13.1உம் இல்லை என்றால் வழக்கு. மூன்று வருடமாகியும் இன்னும் எம்பி அலுவலகத்தின் பதிலுக்குக் காத்திருப்பவரிடம், தயவுசெய்து இனிமேலும் காத்திருக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அகதிப் பயணப் பத்திரத்தோடு நாடு நாடாக விசாவுக்கு அலைபவருக்கும், வயதான பெற்றோரை ஒருமுறை பார்த்துவிடவேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கும் அந்த வருடங்கள் திரும்பி வருவதில்லை.

எந்த வழியை எடுத்தாலும், இடைப்பட்ட காலத்தில் சில வேலைகளை விட்டுவிடக்கூடாது. நிரந்தர வதிவிடம் தொடர்ந்து செல்லுபடியாக இருக்கவேண்டும்; ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்கவேண்டும் என்ற கடமை விண்ணப்பித்த பிறகும் போவதில்லை. முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் மாறினால் ஐஆர்சிசிக்கும் நீதிமன்றத்துக்கும் இரண்டுக்கும் அறிவியுங்கள். பொலிஸ் விவகாரம் எதிலும் பெயர் வந்தால், சிறிய குற்றச்சாட்டாக இருந்தாலும், அன்றே சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். குற்றச்சாட்டு நிலுவையில் உள்ளவருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கத் தடை வரக்கூடும், பாதி வழியில் அது வழக்கையே கவிழ்த்துவிடும். நீதிமன்றம் சொல்லி எடுத்த முடிவு மறுப்பாக வந்தால் மனமுடைந்து கடிதத்தை மூலையில் வைத்துவிடவேண்டாம். மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் போக, அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள்தான். கடிதம் வந்த திகதியை அதன்மேலேயே எழுதி, அன்று பின்னேரமே சட்டத்தரணிக்கு அனுப்பிவிடுங்கள்.